திருப்பூருக்குக் குடிவந்தவர்கள் பிள்ளையைப் பால்வாடியில் சேர்க்க ஒரு வழிகாட்டி

பனியன் கம்பெனி வேலைக்காகத் தேனியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ குடும்பத்தோடு திருப்பூர் வருகிறவர்கள் முதலில் தேடுவது வாடகை வீடு, அடுத்தது கேஸ், அதற்கடுத்துப் பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையின் நினைப்பு கடைசியில்தான் வருகிறது. அதற்குள் ஊரிலிருந்து பாட்டியை வரவழைத்திருப்பார்கள். இல்லையென்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் யாரிடமாவது பிள்ளையை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகத் தொடங்கியிருப்பார்கள். நடந்து போகும் தூரத்தில் அரசு பால்வாடி ஒன்று இருப்பது பல மாதம் கழித்துத் தெரியவரும். சிலருக்குத் தெரியாமலே போய்விடும்.

பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடி மையம், 1975 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பது. தமிழ்நாட்டில் குறு மையங்களையும் சேர்த்து 54,439 மையங்கள் உள்ளன. இரண்டு வயது முடிந்த பிள்ளைக்கு முன்பருவக் கல்வியும் மதியச் சாப்பாடும் உண்டு, வாரத்தில் மூன்று நாள் முட்டையும் உண்டு. அதைவிடச் சிறிய குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு தருவார்கள். இவை எதற்கும் காசு கிடையாது.

வீடு பார்க்கும்போதே கேளுங்கள்

15 வேலம்பாளையமோ, பாண்டியன் நகரோ, முருகம்பாளையமோ, எங்கே வீடு பார்த்தாலும் வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் வரும் நாள் ஆகியவற்றோடு பக்கத்தில் பால்வாடி எங்கே என்றும் கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். ரேஷன் கடையிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ கேட்டால் சொல்லிவிடுவார்கள். எல்லோரையும்விடச் சரியாகத் தெரிந்தவர் அந்தப் பகுதிக்குத் தடுப்பூசி போட வரும் செவிலியர். எந்தத் தெரு எந்த மையத்தைச் சேர்ந்தது என்பதுவரை அவர் சொல்வார்.

ஒவ்வொரு மையத்துக்கும் தெரு எல்லை உண்டு என்பதைக் கவனியுங்கள். 400 முதல் 800 பேர் வரை வசிக்கும் பகுதிக்கு ஒரு மையம் என்பது விதி. உங்களுக்கு மிக அருகில் இருக்கும் மையம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத் தெருக்களுக்கு உரியதாக இருக்கலாம். அப்படியென்றால் உங்கள் தெருவுக்கு எது என்று அங்கிருக்கும் டீச்சரே சொல்லி அனுப்புவார்.

டீச்சர் வீட்டுக்கு வருவார் என்று காத்திருக்க வேண்டாம்

என்னைப் பொறுத்தவரை, புதிதாக வந்தவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான். அங்கன்வாடிப் பணியாளர் தன் பகுதியில் வீடு வீடாகப் போய்க் குடும்பக் கணக்கெடுப்பார். எத்தனை குடும்பம், ஆறு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், யார் கர்ப்பிணி என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வார். 2021 மார்ச்சிலிருந்து, அங்கன்வாடிப் பதிவுகளுக்கான ‘போஷன் டிராக்கர்’ என்ற போன் செயலியிலும் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் வருவது பகல் நேரத்தில். பகல் பதினொரு மணிக்கு ஒரு லைன் வீட்டுக் காம்பவுண்டுக்குள் போய்ப் பாருங்கள். பத்துக் கதவில் ஏழில் பூட்டு தொங்கும். கணவன் மனைவி இருவரும் கம்பெனியில் இருப்பார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். பூட்டிய வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பக்கத்து வீட்டாரைக் கேட்டால், “புதுசா வந்தவங்க, தெரியலைங்க” என்பார்கள். அந்தப் பிள்ளை கணக்கில் சேராது.

அதனால் நேரும் இழப்பு ஒரு பிள்ளையோடு நிற்பதில்லை. அரிசியும் பருப்பும் முட்டையும் மையத்துக்கு வருவது பதிவையும் வருகையையும் வைத்துத்தான். ஒரு பகுதிக்கு இன்னொரு மையம் வேண்டுமா என்று பார்ப்பதற்கும் இதே கணக்குதான் அடிப்படை. திருப்பூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-க்கும் 2011-க்கும் இடையில் 29 விழுக்காடு கூடி 24.79 லட்சமானது. அதே காலத்தில் தமிழ்நாட்டின் வளர்ச்சி 15.6 விழுக்காடுதான். இவ்வளவு வேகமாக ஆள் சேரும் ஊரில் கணக்குக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் அதிகமாக இருப்பார்கள். ஆகவே குடிவந்த வாரத்திலேயே அரை நாள் லீவு போட்டு நீங்களே மையத்துக்குப் போய்ப் பெயர் கொடுங்கள். பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றாலும் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்

பிறப்புச் சான்றிதழின் நகல், தாயின் ஆதார், தடுப்பூசி விவரம் எழுதிய தாய் சேய் நல அட்டை, ஒரு போன் நம்பர். பிள்ளைக்கு ஆதார் எடுக்கவில்லை என்றால் பரவாயில்லை, தாயின் ஆதாரை வைத்தே பதியலாம். ரேஷன் கார்டு சொந்த ஊர் முகவரியில் இருக்கிறதே என்று தயங்கிப் பல பேர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள எந்தக் குழந்தைக்கும் உள்ளூர் அங்கன்வாடி மூலம் இலவச உணவு என்கிறது. அதில் ரேஷன் கார்டு நிபந்தனை கிடையாது. சொந்த ஊர் மையத்தில் ஏற்கெனவே பெயர் இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். செயலியில் அங்கிருந்து இங்கே மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. சொல்லாமல் விட்டால் ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் நின்று பதிவு சிக்கலாகிவிடும்.

தடுப்பூசி அட்டை ஊரிலேயே தங்கிவிட்டால் உறவினர் யாரையாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றரை வயதை ஒட்டிப் போடும் ஊசி, ஐந்து வயதில் போடும் ஊசி இரண்டும் இடமாற்றத்தில்தான் அதிகமாகத் தவறுகின்றன.

அந்த மையத்தில் யார் யார் பிள்ளைகள் என்று பாருங்கள்

பெயர் கொடுக்கப் போகும்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். கட்டடம் எப்படி, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சமைக்கும் இடத்துக்கும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா என்பதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். பார்த்ததும் தெரியாத விஷயம் பிள்ளைகளின் வயதுக் கணக்கு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

“டீச்சர், மொத்தம் எத்தனை பிள்ளைங்க? இன்னைக்கு எத்தனை பேர் வந்திருக்காங்க? என் பையன் வயசுல எத்தனை பேர் இருக்காங்க?” இந்த மூன்று கேள்வி போதும். மூன்றாவதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் பல மையங்களில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். நான்கு வயதானதும் தனியார் நர்சரிக்கு மாற்றிவிடுவதால் பெரிய பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு நான்கரை வயது, அந்த வயதில் இன்னொரு பிள்ளைதான் இருக்கிறது என்றால், டீச்சரின் நேரமெல்லாம் சின்னப் பிள்ளைகளைச் சமாளிப்பதிலேயே போகும். அப்போது பள்ளி வளாகத்தில் எல்கேஜி, யுகேஜி நடக்கும் மையம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. உங்கள் பிள்ளைக்கு இரண்டரை வயது என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

அடுத்தது மொழி. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலத்தார் இங்கே குடும்பத்தோடு இருக்கிறார்கள். பனியன் கம்பெனிகளை ஒட்டிய மையங்களில் அவர்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். “இந்திக்காரப் பிள்ளைங்க நிறைய இருக்காங்க, உன் பிள்ளை தமிழ் பேசுறதே கெட்டுப்போயிடும்” என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒன்றும் ஆகாது. வீட்டில் நீங்கள் பேசும் தமிழும் மையத்தில் டீச்சர் பாடும் பாட்டும் கதையும் இருக்க, தமிழ் எங்கும் போய்விடாது. சாப்பாட்டு நேரத்தில் கவனித்தால் தெரியும். தட்டைக் கழுவி வரிசையில் நிற்பது, பக்கத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் டம்ளரை நகர்த்துவது, “ஆயா, சாம்பார்” என்று கேட்பது எல்லாவற்றையும் ஒடியா பேசும் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒன்றாகவே பழகுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. தமிழ் புரியாத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு டீச்சர் பாட்டில் சேர்க்கிறாரா, மூலையில் உட்கார விட்டுவிடுகிறாரா? புதிதாக வந்த பிள்ளையிடம் பொறுமையாக இருக்கும் டீச்சர் உங்கள் பிள்ளையிடமும் அப்படியே இருப்பார்.

சாதியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 2018-இல் அவிநாசி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் மறித்த சம்பவம் இந்த மாவட்டத்தில்தான் நடந்தது, வழக்கும் ஆனது. ஒரு மையம் எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே சமைப்பவர் யார் என்று பார்த்துப் பிள்ளையை அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. அந்தக் கணக்கைத் தயவுசெய்து நீங்கள் போடாதீர்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும் மையம்தான் நல்ல மையம். தனித்தனியாக உட்கார வைப்பதைப் பார்த்தால் அன்றைக்கே புகார் கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மகனைக் காசு கட்டித் தனியாரிலும் மகளைப் பால்வாடியிலும் சேர்ப்பது நாடு முழுக்க இருக்கும் பழக்கம். 2019-இல் 24 மாநிலங்களின் 26 கிராமப்புற மாவட்டங்களில் பிள்ளைகளின் கல்வி நிலை பற்றி நடந்த அசர் (ASER) ஆய்வில், நான்கு, ஐந்து வயதுப் பெண் பிள்ளைகளில் 56.8 விழுக்காட்டினரும் ஆண் பிள்ளைகளில் 50.4 விழுக்காட்டினரும் அரசு மையங்களிலோ பள்ளிகளிலோ இருந்தார்கள். பால்வாடி நல்லது என்று தோன்றினால் இருவரையும் அங்கே சேருங்கள். போதாது என்று தோன்றினால் மகளுக்கும் அது போதாதுதான்.

முதல் இரண்டு வாரம்

முதல் நாளே காலையில் விட்டுவிட்டு மாலையில் கூப்பிடப் போவது வேண்டாம். ஊர் மாறி, வீடு மாறி, தாத்தா பாட்டியைப் பிரிந்து வந்திருக்கும் பிள்ளை அது. முதல் சில நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் கூட்டி வந்துவிடுங்கள், பிறகு மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். மாற்றுத் துணி ஒரு செட், பெயர் எழுதிய தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தனுப்புங்கள். ஒண்ணுக்கு வந்தால் உங்கள் வீட்டில் என்ன சொல்லிக் கேட்கும் என்பதை ஆயாவிடம் சொல்லி வையுங்கள். ஊருக்கு ஊர் அந்தச் சொல் மாறும். கேட்கத் தெரியாமல் துணியை நனைத்துக்கொண்ட பிள்ளை மறுநாள் வரமாட்டேன் என்று அழும்.

முதல் வாரத்திலேயே எடையும் உயரமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இடம் மாறிய மாதங்களில் பல பிள்ளைகளுக்குச் சாப்பாடு இறங்காது, எடை குறையும். மாதாமாதம் எழுதி வைத்தால்தான் அது கண்ணில் படும். குழந்தை நலப் பரிசோதனைக்கான மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும். அவர்கள் வரும் தேதியை டீச்சரிடம் கேட்டு, அன்று கண்டிப்பாக அனுப்புங்கள். காது கேட்பதில் குறை, பேச்சு தாமதம், இதயக் கோளாறு போன்றவற்றைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து மேல் சிகிச்சைக்கு அனுப்புவதுதான் அந்தக் குழுவின் வேலை.

ஷிப்ட் நேரமும் மையத்தின் நேரமும்

திருப்பூரில் இருக்கும் பெரிய சிக்கல் இதுதான். பால்வாடி சாயங்காலம் நான்கு மணிக்குள் முடிந்துவிடும். கம்பெனியில் ஒரு ஷிப்ட் முடியவே ஐந்தரை ஆகும். நடுவில் இருக்கும் நேரத்துக்கு வழி செய்யாமல் பிள்ளையைச் சேர்த்தால் இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுவீர்கள்.

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்பதும் அதில் உண்டு. வேலைக்குச் சேரும்போதே ஹெச்.ஆரிடம் கேளுங்கள். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஆடிட் செய்யும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இந்த வசதி இருக்க வாய்ப்பு அதிகம். கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகளில் பவர் டேபிள் என்கிற தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே பிள்ளையைப் படுக்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பஞ்சுத் தூசியும் இரைச்சலும் நிறைந்த அந்த இடம் பிள்ளைக்கு ஆகாது.

காப்பகம் இல்லாவிட்டால், ஒரே காம்பவுண்டில் இருக்கும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, செக்கிங், கைமடி போன்ற வேலைகளை வீட்டிலிருந்தே செய்யும் ஒருவரிடம் நான்கு மணிக்கு மேல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அவருக்கு மாதம் ஒரு தொகையைப் பேசி ஒழுங்காகக் கொடுங்கள். யார் வந்து பிள்ளையைக் கூப்பிடுவார் என்பதை டீச்சரிடம் நேரில் அறிமுகப்படுத்தி வையுங்கள். முகம் தெரியாதவரிடம் அவர் பிள்ளையை அனுப்பக் கூடாது, அனுப்பவும் மாட்டார்.

பக்கத்தில் மையமே இல்லையென்றால்

புதிதாகப் போட்ட சைட்டுகளிலும் ஊருக்கு வெளியே எழும்பும் லைன் வீடுகளிலும் இந்த நிலை உண்டு. 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குக் கீழே 40 பிள்ளைகளாவது இருந்து, மையம் இல்லாத கிராமக் குடியிருப்பும் நகரத்துக் குடிசைப் பகுதியும் கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் அமைக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளில், நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்கெடுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், கதவு எண், போன் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வட மாநிலக் குடும்பங்களையும் விட்டுவிடாமல் சேருங்கள். 40-ஐத் தாண்டுவது பெரும்பாலும் அவர்களோடு சேர்ந்தால்தான் நடக்கும்.

அந்தப் பட்டியலை மனுவோடு இணைத்துக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுங்கள். இன்னொரு பிரதியை, பல்லடம் ரோட்டில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதியலாம். “எங்க ஏரியாவுக்கு பால்வாடி வேணும்” என்று மட்டும் எழுதிய மனுவைவிட, பிறந்த தேதியோடு பெயர்கள் இருக்கும் பட்டியலுக்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கடினம்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயது வந்ததும்

ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. அதற்கு முன் எல்கேஜி, யுகேஜி வேண்டுமென்றால், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் அந்த வகுப்புகளைத் தொடங்கினார்கள். 2022-இல் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்து, பெற்றோர்கள் கேட்டபின் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்து நடத்த முடிவானது. அவ்வளவு குறைந்த சம்பளத்தில் ஆசிரியர் நிலைப்பது கடினம். ஆகவே போர்டைப் பார்த்து முடிவு செய்யாமல், எல்கேஜிக்கு இப்போது ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்துச் சேருங்கள்.

பள்ளியைப் பற்றி வீட்டிலிருந்தே கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் அரசின் யுடைஸ் (UDISE) தொகுப்பில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33 என்று தொடங்கும். யுடைஸ் இணையதளத்தில் பள்ளியைத் தேடி எடுத்தால் வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, பயிற்று மொழி, கழிப்பறை விவரம், வளாகத்தில் அங்கன்வாடி உண்டா என்பதெல்லாம் வரும். ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர், ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் என்று ஒப்பிடுங்கள். ஒன்றாம் வகுப்பின் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தால் ஏன் என்று அந்தத் தெருவில் விசாரியுங்கள். அதில் இருப்பது முந்தைய ஆண்டுக் கணக்கு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். திருப்பூரில் ஒரே ஆண்டில் தெருவே மாறிவிடும்.

பால்வாடியை முடிக்கும்போது முன்பருவக் கல்விச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த ஊருக்கே திரும்புவதாக இருந்தால், போகும் முன் செயலியில் பெயரை அந்த ஊர் மையத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். தீபாவளிக்குக் கம்பெனிகள் ஒரு வாரத்துக்கு மேல் மூடிக் கிடக்கும்போதும், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதும், என்றைக்குத் திரும்புவீர்கள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போய் இரண்டு மூன்று வாரம் வராமல் இருந்தால் குடும்பமே காலி செய்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். திரும்பி வந்த மறுநாளே பிள்ளையை அனுப்புங்கள். துணி துவைத்து, அலுப்புத் தீர்ந்து, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் பிள்ளைக்குப் பழக்கம் விட்டுப்போய், முதல் இரண்டு வாரத்து அழுகையை மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும்.